அர்ச்சகர் நியமன வழக்கு: அரசியல் சாசனத்தை எழுதியவர்கள் நினைத்தது என்ன? வயலூரும் ஸ்ரீரங்கமும் சொல்லும் கதை

ஒரு கோயில் கருவறைக்குள் யார் போய் பூசை செய்யலாம்? இதை 1949-ல் டெல்லியில் உட்கார்ந்து அரசியல் சாசனம் எழுதியவர்கள் முடிவு செய்துவிட்டார்களா, இல்லை நமக்கே விட்டுவிட்டார்களா?

பார்த்தால் புத்தகப் புழுக்களின் கேள்வி மாதிரி தெரியும். ஆனால் திருச்சியில் இது இரண்டு பேரின் வேலையைத் தீர்மானித்த கேள்வி. நகரை ஒட்டிய குமாரவயலூர் சுப்பிரமணிய சுவாமி கோயிலில், அனைத்துச் சாதியினரும் அர்ச்சகர் ஆகலாம் என்ற திட்டத்தின் கீழ் 2021 ஆகஸ்டில் இருவர் நியமிக்கப்பட்டார்கள். 2023 மார்ச்சில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் நீதிபதி ஜி.ஆர்.சுவாமிநாதன் அந்த நியமனங்களை ரத்து செய்தார். இந்தக் கோயில் ஆகமப்படி நடக்கும் கோயில், ஆகமம் சொல்லும் பிரிவைச் சேர்ந்தவரைத்தான் அர்ச்சகராக நியமிக்க முடியும் என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். 2025 பிப்ரவரியில் வயலூர் குடமுழுக்கு நடந்தபோதும் இந்த விவகாரம் மறுபடி செய்திகளில் அடிபட்டது.

இரண்டு தரப்பும் கையில் எடுப்பது ஒரே சாசனத்தைத்தான். ஒரே பிரிவுகளைத்தான். அப்புறம் எப்படி எதிரெதிர் பதில் வருகிறது?

'ஒரிஜினலிசம்' என்றால் என்ன?

அமெரிக்காவில் இதற்கு ஒரு பெயரே உண்டு: ஒரிஜினலிசம். சாசனத்தில் ஒரு சொல் இருந்தால், அது எழுதப்பட்ட காலத்தில் அந்தச் சொல்லுக்கு மக்கள் என்ன பொருள் கொண்டார்களோ அதுதான் இன்றைக்கும் பொருள் என்பது இந்த வாதம். காலம் மாறிவிட்டது என்று நீதிபதி புதுப் பொருள் சொல்லக் கூடாது. மாற்றம் வேண்டுமானால் சாசனத்தைத் திருத்திக்கொள்ளுங்கள். அமெரிக்க உச்ச நீதிமன்ற நீதிபதியாக இருந்த ஆண்டனின் ஸ்காலியா இதன் பிரபலமான முகம். 2022-ல் கருக்கலைப்பு உரிமையை அந்த நீதிமன்றம் ரத்து செய்தபோது, அந்த உரிமைக்கு நாட்டின் வரலாற்றிலும் மரபிலும் வேர் இல்லை என்பதுதான் முக்கியக் காரணமாகச் சொல்லப்பட்டது.

இதற்கு எதிர்த்தரப்பு வாதத்துக்கு கனடாவிலிருந்து ஒரு உவமை உண்டு. சாசனம் என்பது உயிருள்ள மரம், அது வளரும் என்றது 1929-ல் வந்த ஒரு தீர்ப்பு. பெண்கள் செனட் உறுப்பினர் ஆகலாமா என்ற வழக்கு அது.

இந்திய நீதிமன்றங்கள் இந்த இரண்டு முகாமிலும் முழுசாகச் சேரவில்லை. 1950-ல் ஏ.கே.கோபாலன் வழக்கில், அரசியல் நிர்ணய சபையில் உறுப்பினர்கள் பேசிய பேச்சை வைத்துச் சாசனத்துக்குப் பொருள் சொல்ல முடியாது என்ற நிலைதான் இருந்தது. தமிழரான நீதிபதி பதஞ்சலி சாஸ்திரி அதைத் தெளிவாகவே சொன்னார். பிறகு மெல்ல மெல்ல மாறியது. 1992-ல் மண்டல் வழக்கில் 'பின்தங்கிய வகுப்பினர்' என்ற சொல்லுக்குப் பொருள் தேடி நீதிபதிகள் அம்பேத்கரின் பேச்சுக்குப் போனார்கள். இன்றைக்கு சபை விவாதங்களைப் புரட்டாமல் ஒரு பெரிய சாசன வழக்கு நடப்பதே அபூர்வம்.

எழுதியவர் உயிரோடு இருந்து, தானே நீதிமன்றத்துக்கு வந்து வாதாடினால்? அதுவும் நடந்திருக்கிறது, நம்ம ஊரில்தான். மெட்ராஸ் மாகாணத்தின் வகுப்புவாரி இடஒதுக்கீட்டு ஆணையை எதிர்த்த வழக்கில், சாசன வரைவுக் குழு உறுப்பினரான அல்லாடி கிருஷ்ணசாமி அய்யர் மனுதாரர் ஒருவருக்காக சென்னை உயர் நீதிமன்றத்தில் ஆஜரானார். அரசு தோற்றது. 1951 ஏப்ரலில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. இரண்டே மாதத்தில் நாடாளுமன்றம் முதல் சாசனத் திருத்தத்தைக் கொண்டுவந்து 15(4) பிரிவைச் சேர்த்தது. அந்த நாடாளுமன்றம் என்பது பெரும்பாலும் சாசனத்தை எழுதிய அதே சபைதான்! எழுதியவர்களில் ஒருவர் சொன்ன பொருளை எழுதியவர்களில் பெரும்பாலானவர்கள் ஏற்கவில்லை. 'எழுதியவர்கள் நினைத்தது' என்று யாராவது ஒருமையில் பேசினால் கொஞ்சம் உஷாராக இருப்பது நல்லது.

பிரிவு 25, 26: எழுத்தில் என்ன இருக்கிறது?

பிரிவு 25 தனிமனிதனுக்கு மத சுதந்திரம் தருகிறது. பிரிவு 26 சமயப் பிரிவுகளுக்கு, தங்கள் மத விவகாரங்களைத் தாங்களே பார்த்துக்கொள்ளும் உரிமையைத் தருகிறது.

இரண்டுக்கும் நடுவில் ஒரு சின்ன வித்தியாசம். பொது ஒழுங்கு, ஒழுக்கநெறி, சுகாதாரம் என்ற வரம்புகள் இரண்டிலும் உண்டு. ஆனால் 25-ல் மட்டும், இந்தப் பாகத்தின் மற்ற பிரிவுகளுக்கும் உட்பட்டது என்று கூடுதலாக ஒரு வரம்பு இருக்கிறது. அதாவது சமத்துவம், தீண்டாமை ஒழிப்பு போன்ற உரிமைகளுக்குப் பிறகுதான் மத உரிமை. 26-ல் அந்த வாசகம் இல்லை. வழக்கறிஞர்கள் எழுபது வருஷமாக இந்த ஒரு வாசகத்தை வைத்து மல்லுக்கட்டுகிறார்கள்.

அப்புறம் 25(2) வருகிறது. மதத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கும் பொருளாதார, நிதி, அரசியல் மற்றும் பிற மதச்சார்பற்ற செயல்பாடுகளை அரசு ஒழுங்குபடுத்தலாம். சமூக நலனுக்காகவும் சீர்திருத்தத்துக்காகவும் சட்டம் போடலாம். பொதுத்தன்மை கொண்ட இந்துக் கோயில்களை இந்துக்களின் எல்லா வகுப்பினருக்கும் பிரிவினருக்கும் திறந்துவிடவும் சட்டம் போடலாம்.

இந்தச் சீர்திருத்த வாசகம் எங்கிருந்து வந்தது என்பதில்தான் வரலாறு உதவுகிறது. 1947-ல், சாசனம் கருவில் இருக்கும்போதே, ராஜ்குமாரி அம்ரித் கௌர், ஹன்சா மேத்தா ஆகிய இரண்டு பெண் உறுப்பினர்கள் எச்சரித்தார்கள். மதத்தைப் 'பின்பற்றும்' உரிமை என்று வெறுமனே எழுதிவிட்டால் தேவதாசி முறை, பர்தா போன்ற வழக்கங்களும் மத உரிமை என்ற பெயரில் பாதுகாப்பு பெறும், அவற்றை ஒழிக்கும் சட்டங்கள் செல்லாமல் போய்விடும் என்பது அவர்கள் கவலை. அந்தக் கவலைக்குப் பதில்தான் சீர்திருத்த விதிவிலக்கு. அதே 1947-ல் மெட்ராஸ் மாகாணம் தேவதாசி ஒழிப்புச் சட்டத்தையும் ஆலயப் பிரவேசச் சட்டத்தையும் நிறைவேற்றியிருந்தது. அவர்கள் காப்பாற்ற நினைத்தது வெறும் கற்பனைச் சட்டங்களை அல்ல.

அர்ச்சகர் என்ற சொல் இந்தப் பிரிவுகளில் எங்கேயும் கிடையாது. அதனால் கறாரான ஒரிஜினலிஸ்ட் ஒருவர், "1949-ல் 'திறந்துவிடுவது' என்றால் எல்லோரும் உள்ளே போய் சாமி கும்பிடுவது. பூசை செய்வது அதில் வராது" என்று வாதிடலாம். பலமான வாதம்தான். ஆனால் அதே வரலாற்றைக் கையில் வைத்துக்கொண்டு இன்னொருவர், "திறந்துவிடுவது தனி, சமூகச் சீர்திருத்தம் தனி. இரண்டையும் அடுத்தடுத்து எழுதியதற்கே அர்த்தம் இருக்கிறது. பின்னால் வருகிறவர்கள் செய்யப்போகும் சீர்திருத்தத்துக்குத்தான் அந்தக் கதவு" என்றும் சொல்லலாம். எனக்கு இரண்டாவதுதான் வாசகத்தோடு நெருக்கமாகப் படுகிறது. எதைச் சீர்திருத்த வேண்டும் என்று எழுதியவர்கள் பட்டியல் போடவில்லை.

தீண்டாமையை ஒழிக்கும் பிரிவு 17-லும் இதே கதை. 1948 நவம்பர் 29-ல் அதை விவாதித்தபோது, தீண்டாமை என்றால் என்ன என்று வரையறுக்கவில்லையே என்று உறுப்பினர்கள் கேட்டார்கள். திருத்தமும் வந்தது. அம்பேத்கர் ஏற்கவில்லை. வரையறை இல்லாமலேயே, எந்த வடிவத்தில் இருந்தாலும் ஒழிக்கப்படுகிறது என்ற வாசகத்தோடு பிரிவு நிறைவேறியது.

1957 நவம்பர்: ஒரு தீர்ப்பும் ஒரு தீயும்

இந்தப் பிரிவுகளைத் திருச்சி வட்டாரம் மறக்க முடியாத மாதம் ஒன்று உண்டு.

1957 நவம்பர் 8. வெங்கடரமண தேவரு வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொல்கிறது. மூல்கி என்ற ஊரில் கவுட சாரஸ்வத பிராமணர்களின் கோயில். மெட்ராஸ் ஆலயப் பிரவேசச் சட்டம் எங்களுக்குப் பொருந்தாது, நாங்கள் தனிச் சமயப் பிரிவு என்று அவர்கள் வாதம். தீர்ப்பை எழுதியவர் டி.எல்.வெங்கடராம அய்யர். (கர்நாடக சங்கீத ரசிகர்களுக்கு இந்தப் பெயர் இன்னும் நன்றாகத் தெரியும். சங்கீத கலாநிதி பட்டம் வாங்கிய நீதிபதி இவர்.) பிரிவு 26-ன் உரிமை 25(2)(b)-க்குக் கட்டுப்பட்டதுதான், கோயிலைத் திறக்க வேண்டும் என்றார். கூடவே இன்னொன்றும் சொன்னார். திறந்துவிட்டதால், அர்ச்சகர்கள் மட்டுமே செய்யக்கூடிய சேவையைத் தானும் செய்வேன் என்று யாரும் உரிமை கோர முடியாது.

அதே மாதம் 26-ம் தேதி, சாசனம் ஏற்றுக்கொள்ளப்பட்ட அதே நாளில், பெரியாரின் அழைப்பை ஏற்று ஆயிரக்கணக்கான திராவிடர் கழகத் தொண்டர்கள் சாசன நகலைத் தெருவில் வைத்து எரித்தார்கள். நவம்பர் 3-ல் தஞ்சாவூர் மாநாட்டில் இதற்கான அறிவிப்பு வந்தது. அவசர அவசரமாக மெட்ராஸ் சட்டமன்றம் ஒரு சட்டம் போட்டது. சாசனத்தை எரித்தால் 3 ஆண்டு வரை சிறை. அப்படியும் எரித்தார்கள். திருச்சி, லால்குடி, தஞ்சை வட்டாரங்களிலிருந்து கும்பல் கும்பலாகச் சிறைக்குப் போனார்கள். திருச்சி சிறையில் இருந்த பட்டுக்கோட்டை ராமசாமி, மணல்மேடு வெள்ளைச்சாமி ஆகிய தொண்டர்கள் உயிரிழந்தார்கள். பெரியாருக்கு அவர் பேசிய பேச்சுக்காகத் திருச்சி நீதிமன்றத்தில் 6 மாதத் தண்டனை கிடைத்தது.

அதை வெறும் கோபம் என்று தள்ளிவிட முடியாது. பெரியார் ஒரு வகையில் சாசனத்தை அப்படியே எழுத்தெண்ணிப் படித்தவர். தீண்டாமையை ஒழிக்கிறேன் என்கிற புத்தகம் சாதியை ஒழிக்கிறேன் என்று சொல்லவில்லையே என்றார். 25, 26 போன்ற பிரிவுகள் மத வழக்கங்களைக் காப்பாற்றுகின்றன, அந்த வழக்கங்களுக்குள்தான் சாதி இருக்கிறது. அப்படியானால் சாசனம் சாதியைக் காப்பாற்றுகிறது என்பது அவர் வாசிப்பு. எதிர்த்தரப்பு வழக்கறிஞர்கள் நீதிமன்றத்தில் வைக்கும் வாசிப்பும் ஏறக்குறைய இதுதான். அவர்கள் அதை உரிமை என்றார்கள், இவர் அதை ஓட்டை என்றார்.

1972 தீர்ப்பு: ஜெயித்தும் தோற்ற சட்டம்

அர்ச்சகர் பதவியில் பரம்பரை உரிமையை ஒழிக்கும் சட்டத் திருத்தத்தை மு.கருணாநிதி அரசு 1970 டிசம்பரில் கொண்டுவந்தது. கருவறை நுழைவுக் கிளர்ச்சிக்குத் தேதி குறித்திருந்த பெரியார், சட்டம் வருகிறது என்றதும் அதை நிறுத்திவைத்தார்.

அர்ச்சகர்களும் மடாதிபதிகளும் உச்ச நீதிமன்றம் போனார்கள். சேஷம்மாள் வழக்கு என்று பெயர். 1972 மார்ச் 14-ல் ஐந்து நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்தது. சட்டம் செல்லும், அர்ச்சகரை நியமிப்பது மதச்சார்பற்ற செயல், அப்பனுக்குப் பிறகு மகன் என்பது மதத்தின் அங்கம் அல்ல என்றார்கள். அரசு ஜெயித்துவிட்டது என்றுதானே தோன்றுகிறது? அடுத்த பக்கத்தில் இன்னொரு விஷயம் இருந்தது. நியமிக்கப்படுபவர் ஆகமம் சொல்லும் பிரிவைச் சேர்ந்தவராக இருக்க வேண்டும். வேறு ஒருவர் தொட்டால் மூர்த்தியின் புனிதம் கெடும் என்பது பக்தர்களின் நம்பிக்கை, அது மத விஷயம், அதில் அரசு கை வைக்க முடியாது. ஆக, மகனுக்குத்தான் கொடுக்க வேண்டும் என்பதில்லை, ஆனால் அந்த வட்டத்துக்குள்ளேயே கொடுக்க வேண்டும். அடுத்த ஆண்டு டிசம்பர் 24-ல் பெரியார் இறந்துபோனார்.

இந்தத் தீர்ப்புக்கு அடியில் இருந்தது 1954-ல் ஷிரூர் மடம் வழக்கில் வந்த ஒரு கோட்பாடு: ஒரு மதத்துக்கு எது இன்றியமையாத அங்கம் என்பதை அந்த மதத்தின் கொள்கைகளை வைத்தே தீர்மானிக்க வேண்டும். இங்கேதான் ஒரு சுவாரசியமான சறுக்கல். 1948 டிசம்பர் 2-ம் தேதி நிர்ணய சபையில் பேசிய அம்பேத்கர், இந்தியாவில் பிறப்பு முதல் இறப்பு வரை எல்லாமே மதத்துக்குள் வந்துவிடுகிறது, அந்தப் பரப்பைக் குறைக்க வேண்டும், சாராம்சத்தில் மதம் சார்ந்த சடங்குகளோடு மதத்தின் எல்லையை நிறுத்த வேண்டும் என்ற பொருளில் வாதிட்டார். அவர் கேட்டது "இது மத விஷயமா, உலக விஷயமா?" என்ற கேள்வி. நீதிமன்றங்கள் நாளடைவில் அதை "இது மதத்துக்கு இன்றியமையாததா?" என்று ஆக்கிக்கொண்டன. கேட்கும்போது ஒன்று மாதிரிதான் இருக்கும். ஆனால் முதல் கேள்விக்குப் பதில் சொல்ல நீதிபதிக்குச் சட்டம் தெரிந்தால் போதும். இரண்டாவதுக்கு ஆகமமும் வேதமும் தெரிய வேண்டும். 2018 சபரிமலை தீர்ப்பில் நீதிபதி டி.ஒய்.சந்திரசூட் இந்த மாற்றத்தைச் சுட்டிக்காட்டினார். உச்ச நீதிமன்றமே எழுதியவரின் கருத்திலிருந்து விலகிப்போன இடம் இது.

ஸ்ரீரங்கத்தில் எந்த ஆண்டின் மரபு மரபு?

ஆகமம் என்ன சொல்கிறதோ அதன்படி என்றால், அடுத்த கேள்வி: எந்தக் காலத்து ஆகமம்?

காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில் ஏழு மதில்களோடு நிற்கும் ஸ்ரீரங்கம் கோயிலில் இன்று நடப்பது பாஞ்சராத்திர ஆகமப்படியான வழிபாடு. ஆனால் அந்தக் கோயிலின் சொந்த வரலாற்று நூலான 'கோயிலொழுகு' என்ன சொல்கிறது தெரியுமா? முன்பு அங்கே வைகானச முறைப்படி வழிபாடு நடந்தது, ராமானுஜர் வந்துதான் அதைப் பாஞ்சராத்திரத்துக்கு மாற்றினார் என்கிறது. கோயில் ஊழியர்களைப் பத்துக் கொத்தாகப் பிரித்து, சேவைகளை மறுபடி வகுத்தவரும் அவரே என்கிறது. பதினான்காம் நூற்றாண்டுப் படையெடுப்பில் உற்சவர் ஊரை விட்டு வெளியேறி, பல பத்தாண்டுகள் கழித்து 1371-ல் திரும்பினார். அதற்குப் பிறகு நிலைபெற்ற நடைமுறைகளும் இன்றைய 'மரபு'க்குள் இருக்கின்றன.

திருப்பாணாழ்வார் கதையும் இந்த ஊர்க் கதைதான். உறையூரில் பிறந்த பாணர். தீவுக்குள் காலடி வைக்கத் தயங்கி ஆற்றங்கரையிலேயே நின்று பாடியவர். அர்ச்சகரான லோகசாரங்க முனிவர் அவரைத் தோளில் தூக்கிக்கொண்டு சன்னிதிக்குப் போனார் என்று வைணவ மரபு கொண்டாடுகிறது.

இதையெல்லாம் வைத்து இன்றைய பட்டர்களின் கவலையைக் கிண்டல் செய்வது சரியல்ல. ஒரு மூர்த்தியைத் தொட இன்ன தீட்சை, இன்ன குலம் வேண்டும் என்பது அவர்களுக்குச் சம்பளப் பிரச்சினை மட்டுமல்ல. தவறினால் சாந்நித்தியமே போய்விடும் என்று உண்மையாகவே நம்புகிறார்கள். அந்த நம்பிக்கையைப் பாதுகாக்கத்தான் பிரிவு 26 இருக்கிறது என்று அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் மரபை வரலாற்றை வைத்து நிரூபிக்கப் போனால், அந்த வரலாறு மாற்றங்களையும் சேர்த்தே காட்டும். கோயில் தானே தன்னை மாற்றிக்கொண்டது வேறு, அரசு மாற்றுவது வேறு என்று அவர்கள் பதில் சொல்லலாம். அந்த வித்தியாசம் உண்மையானதுதான். அப்படியென்றால் வாதம் ஆகமத்தின் பழமையை விட்டு, யாருக்கு மாற்றும் அதிகாரம் என்ற இடத்துக்கு நகர்ந்துவிடுகிறது.

இதே ஸ்ரீரங்கத்தில் 2006 டிசம்பரில் ராஜகோபுரத்துக்கு எதிரே பெரியார் சிலை வந்தது. திறப்பதற்கு முன்பே சிலையின் தலை உடைக்கப்பட்டு, ஊரே பதற்றமானது நினைவிருக்கலாம். அந்த ஆண்டு மே 23-ல்தான் தகுதியுள்ள எல்லாச் சாதியினரும் அர்ச்சகர் ஆகலாம் என்று அரசாணை வந்திருந்தது. மறு ஆண்டு தமிழ்நாடு முழுக்க ஆறு அர்ச்சகர் பயிற்சிப் பள்ளிகள். நான்கு சைவம், இரண்டு வைணவம். வைணவப் பள்ளிகளில் ஒன்று ஸ்ரீரங்கத்தில்! 200-க்கும் மேற்பட்டோர் படித்து முடித்தார்கள். மந்திரம் கற்றார்கள், தீட்சை பெற்றார்கள், சான்றிதழ் வாங்கினார்கள். வழக்கு முடியட்டும் என்று காத்திருந்தார்கள். சிலர் காத்திருந்து காத்திருந்து வேறு வேலைக்குப் போய்விட்டார்கள்.

2015, 2022, 2023: மூன்று தீர்ப்பு, மூன்று திசை

2015 டிசம்பர் 16-ல் உச்ச நீதிமன்றம், அரசாணையை ஒட்டுமொத்தமாக ரத்து செய்யவில்லை. ஆனால் ஆகமத்துக்கு விரோதமான நியமனத்தை அந்தந்த வழக்கில் எதிர்க்கலாம் என்றது. ஆகமம் சொல்லும் தகுதி சாசனத்துக்கு முரணாக இருக்கக் கூடாது என்றும் சேர்த்தது. இரண்டு தரப்பும் அன்று இனிப்பு கொடுக்காத குறை.

அந்தத் தீர்ப்பில் 16(5) என்ற, அதுவரை யாரும் பெரிதாகக் கவனிக்காத பிரிவு மேலே வந்தது. மத நிறுவனப் பதவியில் குறிப்பிட்ட மதத்தவர் அல்லது சமயப் பிரிவினர்தான் இருக்க வேண்டும் என்று ஒரு சட்டம் சொன்னால், அதைச் சமவாய்ப்பு உரிமை தடுக்காது என்கிறது அது. இங்கே எழுத்தை உற்றுப் பாருங்கள். இரண்டு வரி முன்னால், 16(2)-ல் அரசு வேலைக்கு எதையெல்லாம் காரணமாக வைத்து ஒதுக்கக் கூடாது என்று பட்டியல் இருக்கிறது: மதம், இனம், சாதி, பால், வம்சம், பிறந்த இடம், வசிப்பிடம். 16(5) விலக்கு கொடுப்பது மதத்துக்கும் சமயப் பிரிவுக்கும் மட்டும். சாதி, வம்சம் என்ற சொற்கள் விலக்கில் இல்லை. எழுதியவர்களுக்கு அந்தச் சொற்கள் தெரியாமல் இல்லை, பக்கத்திலேயே எழுதியிருக்கிறார்கள். மூலப் பொருள் என்று வாதிடுபவர்கள் இதற்கும் பதில் சொல்ல வேண்டும். ஆதிசைவர் என்பது சமயப் பிரிவா, பிறப்பா? வயலூர் வழக்கின் முடிச்சு அங்கேதான் இருக்கிறது.

2022 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றம், புதிய பணி விதிகள் செல்லும், ஆனால் ஆகமக் கோயில்களில் ஆகமப்படிதான் நியமனம் என்றது. எவை ஆகமக் கோயில்கள் என்று கண்டறிய ஓய்வுபெற்ற நீதிபதி எம்.சொக்கலிங்கம் தலைமையில் குழு போட்டது. மறு ஆண்டு மார்ச்சில் வயலூர் நியமனம் ரத்து. அடுத்த மூன்றே மாதத்தில், சேலம் சுகவனேஸ்வரர் கோயில் வழக்கில் நீதிபதி என்.ஆனந்த் வெங்கடேஷ், ஆகமத்தில் தேர்ச்சி இருந்தால் போதும், அர்ச்சகர் நியமனத்தில் சாதிக்கு இடமில்லை என்றார். ஒரே உயர் நீதிமன்றம், ஒரே முன்தீர்ப்புகள்.

பக்கத்து மாநிலமான கேரளாவில் இந்தக் கதை வேறு மாதிரி முடிந்தது. 2002 அக்டோபரில் ஆதித்தியன் வழக்கில், பிராமணர் அல்லாத ஒருவர் சிவன் கோயில் சாந்திக்காரராக நியமிக்கப்பட்டதை உச்ச நீதிமன்றம் ஏற்றது. பூசை முறை முறையாகத் தெரிந்திருந்தால் போதும், சாசனத்துக்கு முந்தைய வழக்கம் என்பதாலேயே மனித கண்ணியத்துக்கு எதிரான ஒன்று உரிமை ஆகிவிடாது என்றது. அந்தக் கோயிலில் குறிப்பிட்ட சாதிதான் வேண்டும் என்ற விதி நிரூபிக்கப்படவில்லை என்பதும் அங்கே முக்கியம். தமிழ்நாட்டுத் தரப்புகள் இந்தத் தீர்ப்பைக் காட்டும்போதெல்லாம் எதிர்த்தரப்பு இதைத்தான் பிடித்துக்கொள்கிறது.

இனி எங்கே பார்க்க வேண்டும்?

ஆகமத்துக்கு உட்படாத கோயில்களில் அர்ச்சகர் நியமனத்தைத் தொடர 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் அனுமதித்தது. ஆகமக் கோயில்களின் பட்டியல் பற்றிய கேள்வி அப்படியே நின்றது. அதனால் எந்தக் கோயில் எந்தப் பக்கம் விழுகிறது என்பதில்தான் இப்போது எல்லாமே இருக்கிறது. கல்வெட்டு, தலவரலாறு, ஓலைச்சுவடி, பழைய வழக்குக் கட்டுகள் எல்லாம் ஆதாரமாக வரும்.

இதற்கு மேலே இன்னொரு அடுக்கு. 2019 நவம்பரில் சபரிமலை மறுஆய்வில் எழுந்த கேள்விகள் ஒன்பது நீதிபதிகள் அமர்வுக்குப் போயின. 25-க்கும் 26-க்கும் என்ன உறவு, எது இன்றியமையாத மத வழக்கம் என்று யார் முடிவு செய்வது ஆகியவை அதில் உண்டு. 25(2)(b)-ல் வரும் 'இந்துக்களின் பிரிவினர்' என்ற சொற்களுக்கு என்ன பொருள் என்பதும் அந்த அமர்வுக்கு அனுப்பப்பட்ட கேள்விகளில் ஒன்று. அந்தச் சொற்களுக்கு ஒன்பது பேரும் என்ன பொருள் சொல்கிறார்களோ, வயலூர் வழக்கையும் ஸ்ரீரங்கம் பள்ளியில் படித்துச் சான்றிதழோடு காத்திருப்பவர்களையும் அதை வைத்துத்தான் அடுத்த நீதிபதி பார்ப்பார்.